மேசைக்குக் குட்டையான கவுன்

பிறந்தவுடன் தன்மேல் போர்த்திய துணியைப் புரட்டி, உள்பக்கத் தையலைப் பார்த்த பிறகுதான் அவள் அழவே ஆரம்பித்தாள் என்று அவளுடைய அம்மா சொல்வதுண்டு. அந்த அம்மா வேறு எந்த விஷயத்திலும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. ஆகவே நம்பிவிடலாம்.

ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை. ஓடுகிற பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, நடைபாதையில் போகிறவரின் காலரில் விட்டுப்போன ஒற்றைத் தையலைப் பிடித்துவிடுவாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லப் போனவள், வாயைத் திறந்ததே அவருடைய கோட்டில் தொங்கிய நூலைக் கடித்து எடுப்பதற்குத்தான். போட்டோக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். யாரோ ஒரு பெண்மணி மாப்பிள்ளையின் தோளைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்த ஆல்பத்தைப் பெண் வீட்டார் இன்றுவரை வெளியே எடுப்பதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது கம்பெனியின் அதிர்ஷ்டம். தையல்காரர்களின் அதிர்ஷ்டம் வேறு மாதிரி இருந்தது. கூடத்தின் கோடியில் ஜன்னலை ஒட்டி வெள்ளைப் பலகை பதித்த நீளமான மேசை. அதன் மேல் இரண்டு ட்யூப்லைட். நாற்பது மெஷினில் தைத்தது எல்லாம் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். அவள் துணியை விரிப்பாள், உள்ளங்கையால் ஒரு நீவு நீவுவாள், டேப்பை வைப்பாள். குறை இருந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். ஸ்டிக்கர் சுருளை வளையல்போல இடது மணிக்கட்டில் மாட்டியிருப்பாள். ஓர் உடையில் மூன்று அம்பு விழுந்தால் அது திரும்பிப் போக வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கணக்கு மாறியதில்லை. கூடத்தில் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளே அந்தப் பெயரைத் தன் டிபன் பாக்ஸில் பெயிண்டால் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

தையல்காரிகளில் ஒருத்தி மட்டும் அவளுக்குப் பயப்படவில்லை. உருவம் சின்னதாக இருந்ததால் அவளைக் கடுகு என்பார்கள். மெஷினுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்தால் மெஷின் தானாக ஓடுவதுபோல இருக்கும். போன வருஷம் மூலைவாட்டில் வெட்டிய பாவாடை நாற்பது தைத்தாள். அவற்றை ஒரு ராத்திரி தொங்கவிட்டு, துணி இறங்குகிற அளவு இறங்கிய பிறகுதான் கீழ் மடிப்பை அடித்தாள். மேசையில் விரித்தபோது விளிம்பு அலை அலையாக ஏறி இறங்கியது. நாற்பதும் திரும்பிப் போயின. “தொங்கவிட்டுப் பாருங்க அக்கா, நேரா நிக்கும்” என்று கடுகு எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அம்புக்காரி, என் மேசை படுத்துத்தான் இருக்கிறது, தொங்கவில்லை என்று சொல்லிவிட்டாள். கடுகு இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பதையும் பிரித்தாள். பிரிக்கும் சத்தம் செக்கிங் மேசை வரைக்கும் கேட்க வேண்டும் என்றே பிரித்தாள்.

அந்தக் கோபம் ஒரு டீ இடைவேளையில் வெளியே வந்தது. குற்றம் சொல்ல யாருக்குத்தான் வராது, அக்கா ஒன்றாவது தைத்திருக்கிறாளா என்று கடுகு கூடத்துக்கே கேட்கும்படி கேட்டாள். நாற்பது டீ கிளாஸும் பாதி வழியில் நின்றன.

அம்புக்காரி தன் டீயை முழுசாகக் குடித்து முடித்தாள். பிறகு சொன்னாள்.

“ஒரு மாசம் டைம் குடு. மேல்பாதி குரோஷா, கீழ்பாதி துணி. என் அளவுக்கு ஒரு கவுன். நூல் பின்றதும் நான்தான், தைக்கிறதும் நான்தான். என் மேசையிலயே போட்டு நீயே அள. மூணு அம்பு விழுந்தா நான் நூல் கத்தரிக்கிற பெஞ்சுக்குப் போயிடறேன்.”

நூல் கத்தரிக்கிற பெஞ்சு என்றால் கூடத்தின் கடைசிப் படி. நேற்றுச் சேர்ந்தவர்கள் உட்காரும் இடம். இருபத்திரண்டு வருஷ மேசையை இப்படி ஒரே வாயில் பந்தயத்தில் தூக்கி வைத்துவிட்டாளே என்று சூப்பர்வைசர்தான் இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே அளவுத் தாள் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டாள். தோளிலிருந்து இடுப்பு பதினைந்து அங்குலம். மொத்த நீளம் நாற்பத்தாறு. கூடவோ குறையவோ அரை அங்குலம் போகலாம், அதற்கு மேல் கூடாது.

குரோஷா அவளுக்குப் புதிதல்ல. வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே பேருந்தில் போகிற ஒரு மணி நேரத்தில் கொக்கி ஊசியும் நூலுமாகத்தான் இருப்பாள். டிவிக்கு உறை, டெலிபோனுக்கு உறை, டெலிபோன் போன பிறகும் அந்த உறைக்கு ஓர் உறை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரின் ஸ்பானர்களுக்குக்கூட வரிசையாகச் சட்டை பின்னிக் கொடுத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தனக்கும் ஒன்று மாட்டிவிடுவாள் என்று அவர் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

தனக்கென்று மட்டும் அவள் எதுவும் பின்னிக்கொண்டதில்லை. கடையில் வாங்குகிற எதுவும் அவளுக்குச் சேராது. தோளுக்கு ஒரு சைஸ், இடுப்புக்கு வேறு சைஸ், கைக்கு மூன்றாவது சைஸ். லட்சம் உடையைத் தடவிப் பார்த்தவளுக்குப் பொருந்துகிற உடை ஒன்று இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் ஆசையாகவே செய்தாள். மூன்று மீட்டர் கருநீலக் காட்டனை வாங்கி, முதலில் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கிய பிறகே கத்தரியை வைத்தாள். பாவாடையின் மேல் விளிம்பைச் சுருக்கி மடித்து, பக்கத்துக்கு ஒரு பாக்கெட் வைத்தாள். மேல்பாதிக்குச் சந்தன நிறப் பருத்தி நூல். கழுத்தில் ஆரம்பித்து இடுப்பை நோக்கி இறங்கிய பின்னல் முப்பத்தெட்டு வரிசை வந்தது. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கையில் தினமும் ஒரே பெரியவர் வந்து உட்கார்ந்தார். பத்தொன்பதாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனதை அவர்தான் சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் வேறு பேருந்தில் போனாள்.

துணியும் பின்னலும் சேருகிற இடம்தான் சிக்கல். நேரடியாக மெஷினில் அடித்தால் பின்னல் இழுபட்டு வாயைப் பிளக்கும். அவள் பாவாடையின் மேல் விளிம்பு முழுக்கக் கைத்தையலால் நூற்று அறுபது சின்ன வளையம் போட்டாள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொக்கி ஊசியை விட்டுக் கடைசி வரிசையைப் பின்னினாள். சனிக்கிழமை மத்தியானம் முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் விரித்து அளந்தாள். பதினைந்து. நாற்பத்தாறு. நூலளவும் பிசகவில்லை. அலமாரிக் கதவில் மாட்டிவிட்டு, திங்கட்கிழமை கடுகின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியும் தனித்தனியாக வாடகைக்கு இருப்பதுபோலத் தெரிந்தது. இடுப்பு தன் இடத்தை விட்டு நாலு விரற்கடை இறங்கி நின்றது. பாக்கெட்டுக்குள் கை விட வேண்டுமானால் குனிய வேண்டும்.

கழற்றி மேசையில் விரித்தாள். பதினைந்து. கதவில் மாட்டி அளந்தாள். பதினேழரை. மறுபடி மேசை. பதினைந்து. டேப்பின் மேலேயே சந்தேகம் வந்து வேறு டேப் எடுத்து வந்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“புது ரோப்பு இப்படித்தான். மாட்டும்போது கரெக்டா இருக்கும். கேபின் வெயிட்டு ஏறினதும் நீளும். நீளுற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம்தான் நாங்க வெட்டுவோம்.”

“அது எனக்குத் தெரியாதா” என்றாள். தெரியாது. மூன்று மீட்டர் காட்டனும் இரண்டு பாக்கெட்டும் அந்தப் பின்னலைப் பிடித்துக் கீழே இழுக்கும் என்பது, இருபத்திரண்டு வருஷமாக உடைகளைப் படுக்கவைத்தே பார்த்தவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து வரிசையைப் பிரித்துவிட்டால் உடம்பில் இடுப்பு சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் மேசையில் பதின்மூன்றுதான் காட்டும். முன்பக்க இடுப்பு, பின்பக்க இடுப்பு, மொத்த நீளம் என்று எண்ணிப் பார்த்தாள். சரியாக மூன்று அம்பு.

கணவர் அதை உடனே பிடித்துக்கொண்டார். பந்தயம் மேசையோடுதானே, போட்டுக்காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லையே, இப்படியே கொண்டுபோய் விரித்து ஜெயித்துவிட்டு வந்து அப்புறம் பிரித்துக்கொள்ளேன் என்றார். யோசித்தால் குற்றம் சொல்ல முடியாத யோசனைதான். அவள் கவுனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கடுகு பிரித்த நாற்பது பாவாடையின் சத்தம் காதில் விழுந்ததா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

“போட்டா சேராத ஒண்ணை, சரியா இருக்குன்னு நான் எப்பங்க வெளிய விட்டிருக்கேன்” என்றாள். நூலின் முடிச்சை வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். நூற்று அறுபது வளையத்திலிருந்தும் பின்னல் சரசரவென்று கழன்று வந்தது. ஐந்து வரிசையைப் பிரித்து, மறுபடி நூற்று அறுபதையும் கோத்து முடிக்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அன்று வீட்டில் சமைத்தவர் லிஃப்ட் மெக்கானிக். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் மேசையைச் சுற்றி நாற்பது பேரும் நின்றார்கள். சூப்பர்வைசர் தூரத்தில் நின்றார், ஆனால் நுனிக்காலில் நின்றார். அம்புக்காரி மணிக்கட்டிலிருந்து ஸ்டிக்கர் சுருளைக் கழற்றிக் கடுகின் கையில் கொடுத்தாள். அது கடுகின் முழங்கை வரைக்கும் போய் நின்றது.

தையலில் குறை தேடினார்கள். உள்பக்கம் புரட்டினார்கள். பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு கடுகு டேப்பை வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து, அறிவிப்புப் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி வைத்தாள்.

“அக்கா, பதிமூணுதான் வருது.”

“ஒட்டு.”

முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. மொத்த நீளம் நாற்பத்து நான்கு, அதற்கு ஒன்று. மூன்றாவது அம்பு விழுந்ததும் கூடத்தில் எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் ஒரு வாரம் அதிர்ந்துகொண்டிருந்தன. அம்புக்காரி எல்லோரும் ஓயும் வரை காத்திருந்தாள். பிறகு மூன்று அம்பும் ஒட்டியபடியே கவுனை எடுத்துக்கொண்டு உடை மாற்றுகிற அறைக்குள் போனாள்.

போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். தோள் தோளில் இருந்தது. இடுப்பு இடுப்பில் இருந்தது. கருநீலப் பாவாடை சுற்றிலும் ஒரே மட்டத்தில் விழுந்து நின்றது. இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தாள், குனியாமல். இருபத்திரண்டு வருஷமாக அவளைப் பார்த்தவர்கள் அன்றுதான் அவளுக்கு ஒரு கழுத்து இருப்பதையே பார்த்தார்கள்.

“இப்ப அள” என்றாள்.

கடுகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி அளந்தாள். பதினைந்து. இறங்கி மண்டியிட்டுக் கீழ் விளிம்பு வரை அளந்தாள். நாற்பத்தாறு. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“மேசையில பதிமூணு வரும்னு நேத்தே தெரியுமா அக்கா உங்களுக்கு?”

“முந்தாநேத்து மேசையில பதினஞ்சு இருந்துச்சுடி. போட்டா இறங்கிடுச்சு. நான்தான் பிரிச்சேன்.”

கடுகு சுருட்டிய டேப்பை மறுபடி அவிழ்த்தாள்.

“அப்ப என் நாப்பது பாவாடை?”

“சரியாத்தான் தைச்சிருந்தே.” இதைச் சொல்லும்போது அம்புக்காரி குரலைத் தாழ்த்தவில்லை. நாற்பது பேருக்கும் கேட்டது.

சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள். ஸ்டிக்கர் சுருளை மட்டும் கடுகிடமிருந்து திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தக் கவுனோடேயே போய் நூல் கத்தரிக்கிற பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெஞ்சில் இருந்த ஆறு கத்தரியும் சாணைக்குப் போயின. பெஞ்சின் ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து அதற்கும் ஓர் அம்பு ஒட்டினாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் சூப்பர்வைசரிடம் போய், தாங்கள் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா என்று கேட்டார்கள். இதற்குள் செக்கிங் மேசையில் துணி ஆள் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“அக்கா, வாங்க. விளையாட்டெல்லாம் போதும்.”

விளையாட்டு இல்லை என்றாள் அவள். நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன், ஆனால் மேசைக்குப் பக்கத்தில் தோள் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும், இனி எதையும் விரித்தும் பார்ப்பேன், மாட்டியும் பார்ப்பேன் என்றாள். அரை மணி நேரத்தில் சாம்பிள் அறையிலிருந்து ஒரு ஸ்டாண்டு உருண்டு வந்தது. அவள் இடுப்பிலிருந்த ஓர் அம்பை உரித்து எடுத்தாள். வெள்ளை மேசையின் நட்ட நடுவில் அதை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

குவியலின் மேலே இருந்தது கடுகு தைத்த பாவாடை, மூலைவாட்டில் வெட்டி, இந்தத் தடவையும் தொங்கவிட்டே மடிப்படித்தது. அம்புக்காரி அதை ஸ்டாண்டில் மாட்டி, துணி அடங்கும் வரை பொறுத்திருந்து, சுற்றி வந்து பார்த்தாள். கூடமே மெஷினை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தது.

“கீழ் மடிப்பு ஜம்முனு நிக்குதுடி” என்றாள். கடுகின் முகம் மலர்ந்தது. அம்புக்காரி மணிக்கட்டுச் சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்தாள்.

“ஆனா ஜிப்பு கோணல்.”