ரெண்டு குடம் பிடிக்கும் பை

பிள்ளைகளா, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதே சாம்பல் நிற முதுகுப்பை, அதைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனதும் மூக்கைச் சுளித்து, “பைக்குள்ள என்ன, மொளகாயா அரைச்சீய?” என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்கிறோம். சின்னவன் சொல்லச் சொல்ல, மலையில் அந்தப் பையை இழுத்த குரங்கு வளர்ந்துகொண்டே போகிறது. போன வாரம் அவன் கணக்கில் அது கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவனுடைய எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நான் வேலை பார்ப்பது தீப்பெட்டி ஆபீஸில். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே அதுதான் பெயர். எனக்குப் பண்டல் அடுக்குவதும் லாரியில் ஏற்றுவதும் வேலை. வாரம் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே மருந்து வாடையில் நின்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் காற்று வேண்டியிருக்கிறது. அதனால்தான் பஸ் போகிற தூரத்தில் ஒரு குன்றோ கண்மாயோ இருந்தால் உங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். குருமலைக்குப் போனோம். பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். சோறு வீட்டிலிருந்தே. அதையும் தண்ணீரையும் ஜவுளிக்கடையில் துணி எடுக்கும்போது கொடுக்கிற கட்டைப்பையில் வைத்துக் கையில் தூக்கிக்கொண்டு போவோம்.

மார்கழியில் கழுகுமலைக்குப் போனபோது அந்தக் கட்டைப்பையைப் பெரியவள்தான் தூக்கினாள். சரிவுப் பாறையில் பாதி ஏறியிருப்போம். கைப்பிடி ஒரு பக்கம் அறுந்தது. பாட்டில்கள் உருண்டன, தூக்குச்சட்டி மூடி திறந்து எலுமிச்சம்பழச் சோறு பாறை முழுக்கச் சிதறியது. எட்டிப் பிடிக்கப் போனவள் சறுக்கி, முழங்காலும் உள்ளங்கையும் உரசிக்கொண்டாள். மேலே நின்ற பையன்களில் ஒருவன், “ஏலே, மலைக்கே பந்தி வச்சிட்டாங்கலே” என்றான். இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியவள் வீடு வரைக்கும் திரும்பவில்லை. படியேறும்போது மட்டும், “இனிமே நான் வரல, நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் படிக்க வேண்டும் என்று இருந்துகொண்டாள். நானும் சின்னவனும் போனோம். குருமலை அடிவாரத்தில் வேலிக்கருவை மேல் ஒரு நீலக் குருவி வந்து உட்கார்ந்தது. “இது என்னதுப்பா?” என்றான். எனக்குத் தெரியவில்லை. “அக்காவக் கேக்கணும்” என்று அவனே சொல்லிக்கொண்டான்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான். அவள் மறுபடியும் அந்தப் பாறையில் ஏற வேண்டும். பதினாலு வயதில் வரவில்லை என்று உட்கார்ந்தால் அதுவே பழகிவிடும். கூப்பிட்டால் வரமாட்டாள், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஏறுகிறவளுக்கு ரெண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதற்கு வழி செய்தால் கால் தானாக வரும் என்று நினைத்தேன். நல்ல முதுகுப்பை ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

போனில் பார்த்தால், பைகளை லிட்டர் கணக்கில் போட்டிருந்தார்கள்.

“பையில எதுக்குங்க லிட்டரு? எண்ணெயா ஊத்தப் போறீய?” என்றாள் உங்கள் அம்மா.

“இருபது இருக்கு, முப்பது இருக்கு, அறுபது இருக்கும்மா” என்றான் சின்னவன்.

“முப்பதுன்னா எத்தன குடம்லே?”

குழாயில் தண்ணீர் வருகிற நாளைப் பண்டிகை மாதிரி எதிர்பார்க்கிற வீட்டில் எந்த அளவும் கடைசியில் குடத்தில்தான் வந்து நிற்கும். அவன் விரலை மடக்கிப் பார்த்து, “ரெண்டு குடம்” என்றான்.

“ஆத்தாடி, ரெண்டு குடத்த முதுகுல ஏத்திட்டு எம்புள்ள மலையேறணுமா?”

“நான்தான் வரலன்னு சொல்லிட்டேன்லா” என்று மூலையிலிருந்து பெரியவளின் குரல் வந்தது. புத்தகம் திறந்திருந்தது. ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தில் திறந்திருந்தது.

ஆனால் குடக் கணக்கு எனக்கு உதவியது. நாலு பேர் சோறு, தண்ணீர், விரிக்கப் போர்வை, துண்டு, குடை எல்லாம் ஒன்றரைக் குடத்துக்குள் அடங்கும் என்று கண்ணை மூடி அளந்து பார்த்தேன். அப்படியானால் முப்பது போதும். அறுபது என்பது மலையிலேயே படுத்து எழுந்திருக்கிறவர்களுக்கு. நாம் வாங்கினால் மிச்ச இடத்தையும் எதையாவது வைத்து அடைத்துவிடுவோம். காலி இடத்தைப் பார்த்துச் சும்மா இருக்கிற வழக்கம் நம் ஆட்களுக்குக் கிடையாது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை. பைகளை வாழைத்தார் மாதிரி வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் பளபளவென்று ஒரு நீலப் பையை எடுத்துப் போட்டார். முன்னால் ஜிப், பக்கத்தில் ஜிப், ஜிப்புக்குள் ஒரு ஜிப். நான் தோளில் மாட்டுகிற பட்டையைக் காலடியில் மிதித்துக்கொண்டு பையை மேலே இழுத்தேன். லாரிக் கயிற்றை அப்படித்தான் பார்ப்போம். தையல் நறநறவென்றது.

“அண்ணாச்சி, பை வாங்க வந்தியளா, கிழிக்க வந்தியளா?”

“கிழியாத பை வாங்க வந்தேன் அண்ணாச்சி.”

“புள்ளைய பொஸ்தகம் தூக்குத பை இது. இதுல மல்லுக்கு நின்னா பிஞ்சிதான் போவும்.” முனகிக்கொண்டே பரணில் ஏறி ஒன்றை இறக்கினார். “இதையும் மிதிச்சிப் பாருங்க. கலரு செத்த கலரு, அதான் யாரும் கேக்கல.”

சாம்பல் நிறம். துணி தடிப்பு. பட்டை பையோடு சேருகிற இடத்தில் ஒரு வரித் தையல் போட்டு, அதன்மேல் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இன்னொரு தையல். உள்ளே திருப்பிப் பார்த்தேன், துணி விளிம்பு எங்கேயும் பிரிந்து நிற்கவில்லை. ஜிப் ரெண்டே ரெண்டு. நம் கரிசல் புழுதிக்கு முதலில் சாகிறது ஜிப்தான், குறைவாக இருந்தால் கவலையும் குறைவு. முதுகில் படுகிற பக்கம் வலைத்துணிக்குள் பஞ்சு வைத்திருந்தது. மிதித்து இழுத்தேன். சத்தமில்லை.

இடுப்புப் பக்கம் ரெண்டு பட்டை தொங்கின. “இது எதுக்கு அண்ணாச்சி?”

“கட்டிக்கிடுததுக்கு.”

“எதக் கட்ட?”

“அது உங்க பாடு.”

விலை கைக்குள் அடங்கியது. வாங்கிக்கொண்டு வந்தேன். பெரியவள் ஒரு பார்வை பார்த்து, “கலரே நல்லால்ல” என்றாள். ஆனாலும் அந்தப் பெருக்கல் குறித் தையல் மேல் அவள் விரல் ஒரு தடவை போய்வந்தது.

அவள் தோளில் ஏற்றுவதற்கு முன்னால் நான் சுமந்து பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. விளாத்திகுளம் பக்கத்து மாமா வீட்டில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்த நேரம். பைக்குள் நாலு செங்கல்லை வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வெடிப்பு விட்ட கரிசல் காட்டு வழியாகக் களம் வரைக்கும் நடந்தேன். பட்டை இறங்கவில்லை, தோளில் வெட்டவில்லை.

“மாப்ள, முதுகுல என்னது?” என்றார் உங்கள் மாமா.

“புதுப் பை மச்சான்.”

“உள்ள?”

“செங்கல்லு.”

பையைத் தூக்கிப் பார்த்தார். “எந்தங்கச்சி ஒண்ணும் சொல்லலியா?”

சாயங்காலம் கிளம்பும்போது பையைக் காணவில்லை. உள்ளே இருந்த செங்கல் நாலும், வத்தல் காய்கிற படுதா பறக்காமல் இருக்க, மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பை களத்து நடுவில் இருந்தது. மாமா வத்தலை அள்ளிப் போட்டு முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“மச்சான், அது பிள்ளைக்கு வாங்குனது. ஒரு சாக்குல போடுங்க.”

“இம்புட்டு நல்ல பை இருக்கையில சாக்கு எதுக்கு? வெறும் பையோட ஆள அனுப்புனேன்னு நாளைக்கி எந்தங்கச்சி என்னயத்தான கேப்பா?”

இதற்கு மேல் பேச முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நம் ஊர்ப் பக்கத்தில், வீட்டுக்கு வந்த பாத்திரமும் பையும் வெறுமனே திரும்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மாமா பையின் ரெண்டு குடம் இடத்தையும் கழுத்து வரைக்கும் நிரப்பி ஜிப்பை இழுத்தார். ஜிப் தாங்கியது. அந்தச் சங்கடத்திலும் அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

பஸ்ஸில் என்னைச் சுற்றி ஒவ்வொருவராகத் தும்ம ஆரம்பித்தார்கள். “யாருய்யா வத்தலு? எறங்குத வரைக்கும் மடியில வச்சிக்கிடும், கீழ வைக்காதயும்” என்றார் கண்டக்டர்.

வீட்டில் வத்தலைக் கொட்டிய பிறகுதான் தெரிந்தது, விதையும் தூளும் வலைத்துணிக்குள் புகுந்து பஞ்சோடு பஞ்சாகிவிட்டது. முதுகு வேர்த்தால் எரியும். அவளுக்காக வாங்கிய பை அவள் தொட முடியாத பையாகிவிட்டதே என்று நின்றேன். “ஒரு பைய வாங்கி, அத மசாலா டப்பாவாக்கிக் கொண்டாந்திருக்கீயளே” என்றாள் உங்கள் அம்மா. வத்தல் கிள்ளிக் கை எரிந்தால் மோரில் முக்குகிறவள் அவள். பைக்கும் அதே வைத்தியம்தான். பையை வாளி மோரில் முக்கினாள். பிறகு சோப்பு, பிறகு வெயில்.

சாயங்காலம் பெரியவள் மாடிக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பைக்குள் தலையை விட்டாள். தும்மல் பிடித்தது. நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீரோடு கீழே வந்து, “அப்பா, இது இப்ப மோர் மொளகா. எண்ணெயில பொரிச்சிருவோமா?” என்றாள்.

மார்கழிக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவளே உட்கார்ந்து வலைத்துணியிலிருந்து விதைகளைத் தட்டி எடுத்தாள். தினமும் மாடிக்குப் போய் முகர்ந்துவிட்டு வந்து, டாக்டர் மாதிரி, “இன்னும் ரெண்டு வெயிலு வேணும்” என்பாள். ஒரு சனிக்கிழமை இறங்கி வரும்போது பை அவள் தோளில் இருந்தது.

“நாளைக்கு எங்கப்பா?”

“குருமலைக்குன்னு நெனச்சேன்.”

“கழுகுமலைக்குப் போவோம்” என்றாள். நான் துண்டை எடுத்து உதறுவது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு உங்கள் அம்மாவும் வந்தாள். வெயிலுக்கு முந்திப் போய்விட்டோம். அடிவாரத்தில் பெரியவள் இடுப்புப் பட்டையைக் கட்டிப் பார்த்து, “அப்பா, இதக் கட்டுனா வெயிட்டு தோள விட்டு எறங்கி இடுப்புக்கு வந்துருது” என்றாள். இத்தனை வருஷம் சுமை தூக்கியும் எனக்கு அது தோன்றவில்லை. “குடம் தூக்குதவளக் கேட்டா நான் சொல்லிருப்பேனே” என்றாள் உங்கள் அம்மா.

சோறு சிதறிய இடம் வந்தது. அவள் நிற்கவில்லை. ரெண்டு கையையும் பாறையில் ஊன்றி ஏறிப் போய்விட்டாள். நான்தான் அங்கே ஒரு நிமிஷம் நின்றேன்.

மேலே போய்ப் பையை இறக்கி வைத்தோம். கீழே அறுப்பு முடிந்த காடு கறுப்பாகக் கிடந்தது, தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. சின்னவன் தண்ணீருக்கு ஜிப்பைத் திறந்தான். அப்போது வந்தது குரங்கு. சாதாரணக் குரங்குதான், கன்றுக்குட்டி அளவெல்லாம் இல்லை. பையின் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தது. பெரியவள் யோசிக்காமல் இன்னொரு பட்டையைப் பிடித்தாள்.

“விட்டுரு ஏட்டி” என்று அம்மா கத்துகிறாள். அவள் விடவில்லை. குரங்கும் விடவில்லை. கடையில் நான் மிதித்துப் பார்த்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தையல் ஒரு நூல்கூட விடவில்லை. கடைசியில் குரங்கு பையின் திறந்த வாய்க்குள் முகத்தை விட்டது. உடனே வெளியே எடுத்தது. தும்மியது. ரெண்டு கையாலும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், தன் பழப்பையைக் குரங்குக்குப் பறிகொடுத்தவர், “இந்தப் பை எங்க தாயி வாங்குன?” என்று கேட்டார்.

“விளாத்திகுளத்துல எங்க மாமா போட்டுக் குடுத்தாவ” என்றாள் பெரியவள். சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இறங்கும்போதும் பையை அவளே போட்டுக்கொண்டாள். “அடுத்த வாரம் வல்லநாட்டுக்குப் போவோம்ப்பா, வெளிமான் பாக்கணும்” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. நீங்கள் ரெண்டு பேரும் அம்மாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினீர்கள். நான் பையைத் தட்டிப் புழுதியை உதறினேன். பட்டைகள் அவள் அளவுக்கு இழுத்து வைத்தபடி இருந்தன. அதைத் தளர்த்தவில்லை. ஆணியில் மாட்டும்போது ரொம்ப லேசாக இருந்தது. வெறும் பையாகத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. அடுக்களைக்குப் போய், மாமா கொடுத்ததிலிருந்து ரெண்டு வத்தலை எடுத்து வந்து, பையின் வெளிப்பக்கத்துச் சின்ன அறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.