தறி நின்ற வீடு

எங்கள் வீட்டில் எதைச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு விசைத்தறிகள். என் மனைவி விடிந்ததும் மோட்டாரைப் போட்டால் பொழுது சாயும் வரை ஓடும். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தெருவே அப்படித்தான். இருபத்து நாலு மணி நேரம் சேலத்தில் தீயணைப்பு நிலையத்தில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு தூக்கம்கூடக் கிடையாதா என்று பதினைந்து வருடமாக எரிந்து விழுந்தேன். அவள் காதில் விழாது. விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மலைப்பகுதியில் நிலச்சரிவு. இங்கிருந்து போன குழுவில் நானும் இருந்தேன். எட்டு நாள் வேலை. அங்கே ஒரு முறை வைத்திருந்தோம். மணிக்கு ஒரு தடவை அதிகாரி நீளமாக விசில் ஊதுவார். மண் அள்ளும் இயந்திரங்களை எல்லாம் அணைத்துவிட வேண்டும். யாரும் நகரக்கூடாது, இருமக்கூடாது. ஒருவர் மட்டும் மண்ணைப் பார்த்து, யாராவது இருந்தால் தட்டுங்கள் என்று குரல் கொடுப்பார். மற்றவர்கள் மூச்சை அடக்கிக் காது கொடுப்போம்.

மூன்றாம் நாள் காலையில் நான் நின்ற இடத்தில் கேட்டது. மூன்று தட்டு. மண்வெட்டியாலும் வெறும் கையாலும் தோண்டினோம். மத்தியானம் மழை பிடித்து, மேலே சரிவு மறுபடி இளகியதால் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். மழை விட்ட பிறகு ஏறிப் போய் விசில் ஊதினோம். ஒன்றும் கேட்கவில்லை.

சேலம் திரும்பிய அன்று, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மனநல மருத்துவர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். தூக்கம் வராதவர்கள் சொல்லலாம் என்றார். பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், எவன் சொல்வான்? சேலம் ஜில்லாவிலேயே எங்களைப் போல் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இல்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடைசியில், குடும்பத்தாரிடம் கொடுங்கள் என்று ஆளுக்கொரு தாளைத் தந்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் தறி ஓடவில்லை. நான் வருகிறேன் என்று நிறுத்தியிருக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். தாளைக் கொடுத்தேன். அதில் பத்துப் பன்னிரண்டு விஷயங்கள் இருந்தன. மனம்விட்டுப் பேசுங்கள் என்றுகூட இருந்தது. அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: அமைதியான சூழல் வேண்டும். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருந்த எந்த நாளும் தறி ஓடவில்லை. டிவியில் ஆட்கள் வாயசைப்பார்கள், சத்தம் இருக்காது. பத்து வயது மகள் நுனிக்காலில் நடந்தாள்.

விசில் ஊதிய பிறகு வருகிற அமைதி அது. உட்கார்ந்தால் போதும், காது தானாகத் தேட ஆரம்பித்துவிடும். தரைக்குள் தட்டுகிறார்கள். எழுந்து போய்ப் பார்த்தால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சு அடங்க அரை மணி நேரமாகும். எனக்காகத் தொழிலையே நிறுத்தி வைத்திருக்கிறவளிடம் உன் அமைதிதான் என்னைக் கொல்கிறது என்று எப்படிச் சொல்வது?

வேலை முடிந்ததும் சேலத்திலேயே இருக்கிற செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போக ஆரம்பித்தேன். மளிகை மண்டிகளுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சு. மூட்டை இறக்குகிறவர்களின் கத்தலும் ஆட்டோ ஹாரனுமாக இருக்கும். அந்த இரைச்சலில் சுவரில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் தூங்குவேன். விழித்ததும் வீட்டு ஞாபகம் வரும். தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பி, சோறு ஆறிப்போகிறது என்று அவள் கத்துவாளே, அது வேண்டும் போல இருக்கும். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய வீட்டுக்காக, கண்காணாத தேசத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி ஏங்கினேன். இருட்டும் வரை பஸ் மட்டும் ஏறமாட்டேன்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கே என்னைப் பார்த்துவிட்டார். ஊருக்குள் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த தடவை வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, செவ்வாப்பேட்டையில உங்களுக்கு ஆருங்க இருக்கறா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டாள். நான் வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். பயந்துபோனேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். விசில், மூன்று தட்டு, இறங்கி வந்தது, மறுபடி ஏறியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன்.

"தறிய ஓட்டு புள்ள. சத்தமில்லாம இருந்தா எனக்கு அதுதான் கேக்குது" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. உங்களுக்காக நிறுத்தவில்லை, தாளைச் சாக்காகச் சொன்னேன் என்றாள். நான் மலைக்குப் போன அன்றே நிறுத்திவிட்டாளாம். தறி ஓடினால் போன் அடிப்பது கேட்காது. அங்கே சிக்னல் கிடைக்காமல் எட்டு நாளில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தேன். மகளையும் பேசவிடாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் திரும்பிய பிறகு வேலைக்குப் போகிற நாட்களிலும் தறியைத் தொட்டதில்லை. எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

"நீங்க வந்துட்டீங்கன்னு தெரியுதுங்க. ஆனா தறி ஓடுனா, நீங்க கூப்புட்டு எனக்குக் கேக்காம போயிருமோன்னு இருக்குதுங்க."

அந்த மருத்துவரை இரண்டு பேருமே போய்ப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். பிறகு போனோம், இப்போதும் போகிறோம். அன்றைக்கு ஒரு தறியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். கண்ணில் படுகிற மாதிரி நிற்கச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டாள். கதவோரமாக நின்றேன். ஒரு சாண் துணி நெய்வதற்குள் பத்துத் தடவை திரும்பிப் பார்த்தாள்.