சங்கு ஊதாத வீடு

இந்தச் சனியன் பிடித்த செல்போன் அடிக்கடி தொங்கிவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். வந்ததும் என்னிடமே நேரம் கேட்கும். இன்றும் கேட்டது. அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் சுவர்க் கடிகாரம் தினமும் பின்தங்கும். சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆளான அப்பா, விடுமுறையிலும் காலை ஷிப்ட் சங்குக்கு முன்பே நாற்காலியில் ஏறி, பெரிய முள்ளில் விரல் வைத்து நிற்பார். சங்கு ஊதியதும் தள்ளுவார். எதிர்வீட்டிலும் அதே கதைதான்.

"கடையில குடுத்துப் பாருங்களேன்" என்பாள் அம்மா.

"சங்கு இருக்கறப்ப ரிப்பேரு எதுக்கு?"

அப்பா ரிட்டயர்டானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து நெல்லிக்குப்பம் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனோம். அங்கே சங்குச் சத்தம் எட்டாது. ஒரே மாதத்தில் கடிகாரம் எங்கேயோ போய் நின்றது.

"வூடு மாத்தினதுல அடிபட்டிருக்கும்" என்று அப்பா அதைக் கடைக்குத் தூக்கிப் போனார். நானும் போனேன்.

கடைக்காரர் திறந்து பார்த்தார். "அடியெல்லாம் படலைங்க. ரொம்ப வருஷமாவே தேஞ்சிக்கினு வந்திருக்கு. அப்பவே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்."

அப்பா அதைக் கொண்டுவந்து பழையபடி மாட்டினார்.

மறுநாள் காலை நாற்காலி மேல் நின்றிருந்தார். விரல் பெரிய முள்ளில்.

"இறங்குங்கப்பா" என்றேன்.

"இரு, இப்ப ஊதிடும்."

போன் இன்னும் நேரம் கேட்கிறது. குத்துமதிப்பாக எதையோ அழுத்தினேன். சாயங்காலத்துக்குள் மறுபடி தொங்கிவிடும்.