அடிப்பிடித்த சட்டி

பளிச்சம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அகழாய்வுக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் பானை ஓடு கழுவியதில் அந்தப் பெயர் தண்ணீரோடு போய்விட்டது. அவள் கை பட்ட ஓடு நேற்றுச் சூளையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். இது மூவாயிரம் வருஷத்துச் சரக்கா, போன மாசத்துச் சரக்கா என்று ஓடுகளைப் படம் வரைகிறவர் கேலி செய்வார். பட்டம் கிடைத்த மாதிரி அவள் சிரித்துக்கொள்வாள்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். பேருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "அங்கதான் என் தொட்டி இருந்துச்சு" என்று மருமகளிடம் காட்டுவாள். மருமகளும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வாள். அப்படியொரு மருமகள் எல்லாருக்கும் வாய்த்துவிடாது.

தொட்டி என்றால் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள். முதலாவதில் மண் கரையும், இரண்டாவதில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பாள், மூன்றாவதில் அலசல். பிறகு பழைய செய்தித்தாளில் நிழலில் காய வேண்டும். எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிய அட்டை ஓட்டுக் கும்பலோடேயே இருக்க வேண்டும். அட்டை மாறினால் குடி முழுகிப்போகும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு அட்டையையும் மாற்றியதில்லை. இன்றைக்கும் ஈர மண் வாசனை வந்தால் அவளுக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

கொட்டகைச் சுவரில் வருஷம் முடிந்தும் யாரும் கழற்றாத காலண்டர் ஒன்று தொங்கியது. உலகமெங்கும் தோண்டி எடுத்த அதிசயங்கள், மாதத்துக்கு ஒன்று. ஒரு ராஜாவின் தங்க முகமூடி, மண்ணால் செய்த முழுப் படை, எழுத்துக் குத்திய களிமண் பலகை. அக்டோபரில் மட்டும் ஒரு கருகிய ரொட்டி. எரிமலைச் சாம்பலில் ஒரு ஊரே மூழ்கியபோது அடுப்பிலேயே தங்கிவிட்டதாம். தங்கத்துக்கு நடுவில் இந்தத் தரித்திரம் எதற்கு என்று பளிச்சம்மாவுக்கு விளங்கவில்லை. வேறு படம் கிடைத்திருக்காது என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வருஷம், தோண்டலின் கடைசி வாரத்தில் ஒரு பழைய அடுப்பின் ஓரத்திலிருந்து ஒரே சட்டியின் ஏழு ஓடுகள் வந்தன. உட்பக்கமெல்லாம் கரி. அதைக் கழுவ வேண்டாம் என்று அகழாய்வை நடத்திய ஆய்வாளர் அம்மா சொல்லிவிட்டுப் போனார். பளிச்சம்மா உருகிப்போனாள். நம் கை நோகுமே என்று பார்க்கிறார், எவ்வளவு நல்ல மனசு! அவள் மாமியார், பாத்திரத்தில் பொட்டுக் கரி தெரிந்தாலும் தெருவுக்கே கேட்கும்படி அர்ச்சனை செய்தவர். அவரிடம் பழகிய கையா கரியைப் பார்த்துச் சும்மா இருக்கும்? சாப்பாட்டு நேரத்தையும் விட்டுக்கொடுத்துத் தேய்த்தாள். சட்டியின் வெளிப்பக்கம் சொரசொரவென்று மணல் துருத்தி அவள் ஆள்காட்டி விரலை உரித்தேவிட்டது. ஏழையும் பளபளவென்று வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருந்தாள்.

ஆய்வாளர் அம்மா திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது அழுக்கு இல்ல பளிச்சம்மா. அவங்க சமைச்ச சாப்பாடு. என்ன சாப்பிட்டாங்க, எப்ப சாப்பிட்டாங்கன்னு அது ஒண்ணுதான் சொல்லும். இத்தன வருஷத்துல இப்பதான் கெடச்சுது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். திட்டாததுதான் அவளைக் கொன்றது. நிமிர்ந்தால் எதிரே, திருப்பாமலே விட்ட காலண்டரில், அக்டோபர் ரொட்டி. அதை யாரும் தேய்த்துக் கழுவவில்லை.

ஏழு ஓடுகளையும் மறுபடி கையில் எடுத்தாள். அடுப்பு விஷயம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டி முதலில் அடியில்தான் பிடிக்கும். தேய்க்கும்போது ஒரு ஓரத்துக்குப் போகப் போகக் கரி கனமாக இருந்தது அவள் கைக்கு ஞாபகம் இருந்தது. ஏழில் ஒன்றுகூட அடிப்பாகம் இல்லை. அப்படியென்றால் அடி வேறெங்கோ கிடக்கிறது.

எங்கே என்பதும் தெரியும். கடைசி வார அவசரத்தில், விளிம்போ கோலமோ இல்லாத வெற்று ஓடுகளைக் கழுவாமலே எண்ணிக் குழியோரம் கொட்டியிருந்தார்கள். குழியை மூடும்போது அதெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். மூடுவது நாளை மறுநாள். ரெண்டு நாள் தேடிப் பார்க்கிறேன் என்று கேட்டாள். ஆய்வாளர் அம்மா மலையாய்க் குவிந்த ஓடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சரி என்றார்.

எல்லாம் மண் மூடிக் கிடந்ததால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. உரிந்த விரலைத்தான் நம்பினாள். அந்த மணல் சொரசொரப்பைத் தேடி ஒவ்வொரு ஓட்டின் வெளிப்பக்கத்தையும் அந்த விரலால் தடவித் தள்ளினாள். இரண்டாம் நாள் மண் தள்ளுகிறவர்கள் வந்து குவியலின் மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தேவிட்டார்கள். எங்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது, எழுந்திரும்மா என்றார் மேஸ்திரி. அவள் காதில் வாங்கவில்லை. குவியல் பாதியாகி, கால் பங்காகி, கூடையளவு ஆனபோது விரல் சுரீரென்றது. கையகல ஓடு. உட்பக்கம் மண், மண்ணுக்கு அடியில் கறுப்பு. ஊதிக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏந்திக்கொண்டு ஓடினாள்.

ஏழாவது ஓட்டின் உடைசலோடு வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆய்வாளர் அம்மா சேறும் ரத்தமுமாக இருந்த அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

எட்டு மாதம் கழித்துச் சோதனைச் சாலையிலிருந்து பதில் வந்தது. பாலும் ஏதோ தானியமும். கவனிக்காமல் விட்டதில் அடிப்பிடித்துக் கருகியிருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் வருஷம். பாவம், அந்தப் பெண்ணுக்கும் ஒரு மாமியார் இருந்திருப்பாள் என்று பளிச்சம்மா நினைத்துக்கொண்டாள். சட்டி உடைந்து அடுப்போரம் புதைந்தது தானாக நடந்ததுதானா என்றும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

ஆய்வாளர் அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அருங்காட்சியகத்தில் புதுக் கூடம் திறந்தபோது மருமகள் அத்தையை அழைத்துப் போனாள். கூட்டமெல்லாம் ஒரு தங்கத் தோட்டைச் சுற்றி. மூலையில், கண்ணாடிக்குப் பின்னால், அந்தச் சட்டி. ஏழு ஓடு பளிச்சென்று, அடியில் ஒன்று மட்டும் கரியும் மண்ணுமாக. பளிச்சம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். இதெல்லாம் நீங்கள் கழுவியதா அத்தை என்று மருமகள் கேட்டாள்.

"எல்லாம் நான் கழுவினதுதான். அந்தக் கறுப்பு ஒண்ணுதான் கழுவாதது. அதுக்குத்தான் மேடம் என் கையப் பிடிச்சாங்க."