கல்லின் மேல் மூன்று கொத்து

தெரணியகலைக்கு மேலே உள்ள காட்டுப் பாதைகளில் ஒருநாள் நடக்கலாம் என்று கொழும்பு ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். அடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி, "இது யாருக்கும் தெரியாத பாதை" என்று சிங்களத்தில் பீற்றிக்கொண்டே வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறகுக்குப் போன என் அம்மா நடந்து நடந்து தேய்ந்த பாதை அது!

காடு தொடங்கும் இடத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. விறகுக்கு ஏறும் பெண்கள் ஆளுக்கொரு இலைக்கொத்தை ஒடித்து அதன்மேல் வைப்பார்கள். இறங்கும்போது அவரவர் கொத்தை எடுத்து வீசிவிடுவார்கள். கல்லில் கொத்து இருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அன்று மூன்று இருந்தன. நான் வாய் திறப்பதற்குள் வழிகாட்டி மூன்றையும் வழித்துத் தன் குப்பைப் பையில் போட்டான். காடு சுத்தமாக இருக்க வேண்டுமாம். ஆபீஸ் நண்பர்கள் கைதட்டினார்கள்.

அந்நேரம் விறகுக்கட்டோடு இறங்கி வந்த ஒரு அக்கா, வெறுங்கல்லைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என் கொத்தையும் சேத்து எடுத்து வீசிட்டு, மத்த ரெண்டு பேரும் என்னைய விட்டுட்டு எறங்கிட்டாளுகளா?"

"இல்லக்கா, இன்னும் மேலதான் இருக்காங்க."

அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினேன். அக்கா தன் கொத்தைப் பொறுக்கி வீசினார். மற்ற இரண்டையும் நான் கல்லில் வைத்தேன். மிச்சமாகக் கிடந்த தண்ணீர்ப் போத்தல்களும் பிஸ்கட் உறைகளும் நாங்கள் கொண்டுவந்தவை.