விசிறி சுற்றாத கார்டு

எங்கள் வீட்டில் படுக்கையறை என்று ஒன்று பெயருக்கு உண்டு. மேற்கு வெயில் முழுவதும் அதன் சுவரில்தான் விழும். பகலில் அங்கே படுத்தால் ஆள் அப்பளமாகிவிடுவார். அதனால் என் கணவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குவது ஹாலில்தான். என் கம்ப்யூட்டரும் அதே ஹாலில்தான் இருக்கிறது. வேறு எங்கே வைப்பது?

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்தால், மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். என் வேலை வீடுகளுக்குப் படம் போட்டுத் தருவது. வெள்ளானூர், நெமிலிச்சேரி பக்கம் மனை வாங்கியவர்கள், அஸ்திவாரம் தோண்டும் முன்பே வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுவார்கள். சுவருக்கு என்ன வண்ணம், பால்கனியில் என்ன கம்பி, வாசலில் ஒரு தென்னை, இன்னும் வாங்காத ஒரு கார். எல்லாவற்றையும் நான் கோடாகப் போட்டுக் கொடுத்தால், புகைப்படம் போலவே ஆக்கித் தருவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டு அந்த வேலையை மிக்ஸி போலக் கத்திக்கொண்டு செய்யும். ஒரு படம் முடிந்ததும் சட்டென்று அடங்கும். அடுத்ததைக் கொடுத்தால் மறுபடி கத்தும்.

இந்தக் கூத்துக்கு நடுவே அவர் புரண்டு படுப்பார், ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்.

"தூங்குங்க."

"தூங்கினுதான் கீறேன்."

ஒரு கண்ணைத் திறந்துகொண்டு சொல்லும் பொய்க்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு நாள் காபி குடிக்கும்போது, மெஷின் முன்னால் கொஞ்சம் கண் அசந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சென்சார் பார்த்து அச்சை நிறுத்திவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அவருடன் வேலை செய்த ஒருவர் வந்திருந்தார். மொய்க் கவரை இடது கையால் நீட்டிவிட்டு, "தப்பா நெனச்சிக்காதம்மா" என்றார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. காபி டம்ளரைப் பிடித்திருந்த என் கணவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. இவருக்குத் தூக்கம் வேண்டும், அதற்கு அந்த மிக்ஸி வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

புது கார்டு வாங்கலாம் என்றதும் அவர் என்னைவிடக் குஷியாகிவிட்டார். டீ பிரேக்கில் போனைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் இரண்டு கார்டுகளில் வந்து நின்றோம். ஒன்று பெரியது. மூன்று விசிறி, நல்ல வேகம், மின்சாரமும் அதற்குத் தகுந்தாற்போல் குடிக்கும். இன்னொன்று சின்னது. இரண்டு விசிறி, வேகம் குறைவு, ஆனால் மெமரி அதிகம். அதன் விவரப் பட்டியலின் அடியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி இருந்தது: சூடு ஏறும்வரை விசிறி சுற்றாது. ஏறினாலும் மெதுவாகத்தான் சுற்றும். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

"இன்னாத்துக்கும்மே அந்தக் குட்டி? பெரிசுல போட்டா சட்டுனு முடிஞ்சிரும். உக்காந்து உக்காந்து முதுகு போச்சுன்னு நீதான பொலம்புற?"

"நாலு மரம் சேர்த்தாலே பழைய கார்டு திணறி நின்னுடுது. எனக்கு மெமரிதான் வேணும்."

தூக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், எனக்கின்னா, நல்லாத்தான் தூங்குறேன் என்று ஒரே பேச்சில் பெரியதை வாங்கிவிடுவார். யூடியூப்பில் இந்த இரண்டையும் ஒப்பிட்டவர்கள் அத்தனை பேரும் ஏசி அறையில் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டை ஓட்டித்தான் காட்டினார்கள். சித்திரை வெயிலில், பக்கத்தில் ஒரு மனிதர் பாய் விரித்துப் படுத்திருக்க, தென்னை மரம் வைத்த டூப்ளெக்ஸ் வீட்டை ஓட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

ரிச்சி தெருவில் கடைக்காரரிடம் இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வெளியே ஆட்டோ ஹார்ன்தான் கேட்டது.

"அக்கா, எல்லாரும் ஸ்பீடு எவ்ளோன்னு கேப்பாங்க. நீங்கதான் சத்தத்தக் கேக்குறீங்க."

என் கணவர் குனிந்து இரண்டிலும் காதை வைத்தார். "பெரிசு ஒரே சீரா ஓடுது பாரு," என்றார். நான் காதில் வாங்கவில்லை. சின்னதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது அவர்தான். நல்லவேளை, பெட்டியின் மேல்.

மறுநாள் காலை அவர் படுத்தார். நான் வேலையை ஆரம்பித்தேன். சத்தமே இல்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கரண்டு போச்சா?"

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் தூங்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கேன், இப்பவும் தூங்கலைன்னா நான் என்னதான் செய்யறது? பழசு போட்ட சத்தத்துலயாவது கொஞ்சம் கண்ண மூடினீங்க!"

"சத்தத்துல இன்னா கீது? மெஷின் ஓடினு இருந்தா நான் எங்க வேணா தூங்குவேன். நின்னாத்தான் முழிப்பு வரும்." கொஞ்சம் தயங்கினார். "எங்க கம்பெனில மெஷின் திடீர்னு நின்னுச்சின்னா, எவன் கையிலயோ பட்டுடுச்சின்னு அர்த்தம். மொதல்ல எல்லாரும் அவங்கவங்க கையத்தான் பாப்போம்."

அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததெல்லாம் பழைய கார்டு கத்தும்போது அல்ல, அடங்கும்போது. இத்தனை காலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அவர் பார்த்தது என் முகத்தையா, என் கையையா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கார்டோடு வந்த சாஃப்ட்வேரைத் திறந்தேன். விசிறி தானாகச் சுற்றும், தானாக நிற்கும் என்றிருந்ததை மாற்றி, சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் ஓடு என்று வைத்தேன். பட்டியல் பட்டியலாகப் படித்துத் தேடி வாங்கிய அமைதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தேன். ஹாலில் மெல்லிய ஒரு ரீங்காரம் எழுந்து, அப்படியே நீடித்தது.

"இத்த பழசுலயே செஞ்சிருக்கலாமேம்மே," என்றார் பாதித் தூக்கத்தில்.

"பேசாம தூங்குங்க."

தூங்கினார். சாப்பிடக்கூட எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் பாய்க்கு வெளியே கிடந்தன, பத்து விரலோடும். என் படம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் தானாகக் கண் விழிக்கும்வரை விசிறியை நிறுத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.