லெட் மாமா

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில வேலை. பகலெல்லாம் லென்ஸைத் தேய்ச்சு ஃப்ரேம்ல பொருத்துவார். சாயங்காலம் ஆனா ஸ்குவாஷ். நாலு சுவருக்குள்ள ரெண்டு பேர் நின்னு, ஒரே சுவத்துல மாத்தி மாத்திப் பந்தடிக்கிற ஆட்டம். ஒருத்தர் வழியை இன்னொருத்தர் மறிச்சுட்டா, கையைத் தூக்கி "லெட்"னு கேட்கலாம். நடுவர் சரின்னா அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடலாம்.

இவருக்கு அது போதாதா! பந்து எட்டலைன்னாலும் லெட், மூச்சு வாங்கினாலும் லெட். கிளப்புல பேரே லெட் மாமா. வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாக்கூடக் கையைத் தூக்குவார். "அடுப்புக்கிட்ட கேளுங்க, குடுக்குதான்னு பார்ப்போம்"னு கத்துவேன்.

ஓட்டம், நீச்சல்னு எல்லாம் சேர்ந்து நடக்கிற வட்டாரப் போட்டிக்கு இவரும் போவார். ஒருதடவைகூட முதல் சுற்றைத் தாண்டினதில்லை. இந்தத் தடவை கிளப் செயலாளர், "இதுதான் கடைசி, இனிமே சின்னவங்களைத்தான் எடுப்போம்"னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார்.

"ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு விட்டுடறேன்மா"ன்னார் என்கிட்ட.

அன்னிக்கு என்னமா ஆடினார்! எதிராளிக்கு இவர் வயசுல பாதிதான் இருக்கும். சரிக்குச் சரி நின்னார். ஆனா வாய் சும்மா இருக்கணுமே. மூச்சுக்கு மூச்சு லெட். நடுவரம்மா கடுகடுன்னு ஆயிட்டாங்க.

கடைசியில எதிராளி ஜெயிக்க ஒரு பாயின்ட்தான் பாக்கி. பந்து இவருக்கு வாகா வந்துது. ராக்கெட்டை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து அந்தப் பையன் கால் தடுமாறி, முகத்தைக் கொண்டுவந்து குறுக்கே நீட்டிட்டான். இவர் கை அப்படியே நின்னுது. பந்து குதிச்சு உருண்டு போயிடுச்சு.

"லெட்"னார்.

வழக்கம்போல நடிக்கிறார்னு நெனைச்சாங்க போல நடுவரம்மா. "லெட் கிடையாது. ஆட்டம் முடிஞ்சுது."

அந்தப் பையனாவது வாயைத் திறந்தானா? கையைக் குடுத்துட்டு நைசா நழுவிட்டான், பாவி! எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நியாயம் கேட்கக் கிளம்பினேன். இவர்தான் பிடிச்சு இழுத்துட்டார்.

பஸ்ல ராக்கெட் பையை மடியில வெச்சுக்கிட்டு வந்தார். அப்புறம், "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்மா நெஜமா கேட்டேன்"னார். சிரிக்கப் பார்த்தார், முடியலை.

"அவன் கண்ணுக்கும் உங்க ராக்கெட்டுக்கும் ஒரு விரக்கடைதான். நான் பார்த்தேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேங்க."

என் தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதார். பக்கத்து சீட்டுக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க, பார்க்கட்டும்.

இறங்கும்போது மறுபடியும் கேட்டார், "பார்த்தேல்ல?"

"பார்த்தேங்க, பார்த்தேன்."